கணக்கு ஒப்புவித்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் எம் இல்லம் தேடி வந்து கேட்டபோது, எப்பொருள் பற்றிப் பேசுவது என்று வினவினோம். “நீங்கள் கணக்கு எழுதியே தலை நரைத்தவர்; கிறிஸ்தவராகவும் இருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து ஏதேனும் சொல்லுங்கள்” என்று நகைத்துக்கொண்டே கூறினார். விளையாட்டாகச் சொன்ன சொல்லே எனினும், அவர் சென்ற பின்னரும் அது நெஞ்சைவிட்டு அகலவில்லை. திருநெல்வேலிச் சீமையில் சிற்றூர்க் கோவிலின் தரையில் பாய் விரித்து அமர்ந்து உபதேசியார் வாயால் நாம் கேட்டு வளர்ந்த தொடர் ஒன்று உண்டு. ‘கணக்கு ஒப்புவித்தல்’ என்பதே அது. ஒவ்வொருவரும் தம் வாழ்நாளைப் பற்றி இறைவன் திருமுன் ஒருநாள் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அதைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

நம் சங்கம் பல சமயத்தார் ஒருங்கு கூடும் மன்றம். ஒரு சமயத்தின் பெருமையை நிலைநாட்ட நாம் இங்கு நிற்கவில்லை. ஒரு வீட்டுக் கிணற்று நீரை அண்டை வீட்டார்க்கும் ஒரு குடம் தருவது போன்றதே இது. குடித்துப் பார்த்துச் சுவை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கணக்கு எழுதுவது வெறும் எண்களோடு மல்லாடும் தொழில் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நம் ஊர் மளிகைக் கடையில் புதுக்கணக்குத் தொடங்கும் நாளில் என்ன செய்கின்றனர்? ஏட்டின் மூலைகளில் மஞ்சள் தடவி, முதற் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இட்டு, அதன்பின்னரே முதல் வரவை எழுதுகின்றனர். இஸ்லாமிய வணிகர் பலர் 786 என்னும் எண்ணைத் தலையில் எழுதித் தொடங்குவர். ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் இருந்தது. லூக்கா பசியோலி என்பவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த துறவி, கணித ஆசிரியர். அவர் 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில்தான், இன்று உலகெங்கும் வழங்கும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறை முதன்முதலாக அச்சேறி விளக்கம் பெற்றது. முறையை அவர் தாமே கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர் கையாண்டு வந்ததையே ஒழுங்குபடுத்தி எழுதினார். வணிகன் தன் ஏடுகளை இறைவன் பெயரால் தொடங்கவேண்டும் என்றும், முதல் வரிசை ஏடுகளுக்குச் சிலுவைக் குறி இடவேண்டும் என்றும் அந்நூலில் அவர் கூறியுள்ளார்.

ஒருவரையொருவர் அறியாத இம்மக்கள் எல்லாம் ஏன் ஒரே செயலைச் செய்தனர்? எழுதுபவனுக்கு ஓர் உண்மை தெரியும். வாங்குபவனை ஏமாற்றலாம், பங்காளியை ஏமாற்றலாம், சற்றுத் திறமை இருந்தால் தணிக்கையாளரையும் ஏமாற்றலாம். ஆயினும் ஏமாற்ற இயலாத ஒருவர் இப்பக்கத்தை நோக்கிக்கொண்டிருக்கிறார் என்பதைத் தனக்குத் தானே நினைவூட்டிக்கொள்ளவே அவன் தலைப்பில் அக்குறியை இட்டான் என்று நாம் கருதுகின்றோம்.

இந்நகரின் ஆலையொன்றில் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றினோம். ஆண்டுதோறும் தணிக்கையாளர் வருவார். செலவுக்குச் சீட்டு உண்டா, சீட்டில் கையொப்பம் உண்டா, தொகை ஒக்கின்றதா என்று பார்ப்பார். ‘இத்தொகையை எந்த எண்ணத்தோடு கொடுத்தீர்?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. உள்ளத்து எண்ணத்திற்குச் சீட்டு ஏது? ஆனால் கிறிஸ்து பெருமான் கூறும் கணக்கில் முதற்கேள்வியே அதுதான். தருமம் செய்பவன் வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுக்கவேண்டும் என்றும், தெருமுனையில் பிறர் காணும்படி கொடுப்பவன் தன் கூலியை அங்கேயே முழுதும் பெற்றுக்கொண்டான் என்றும் அவர் கற்பித்தார். இதன் கூர்மையைக் கணக்கர்கள் நன்கு உணர்வர். அக்கணக்கில் இனி வரவேண்டிய பாக்கி இல்லை, தீர்ந்துவிட்டது. கைதட்டலாக வந்து வரவு வைக்கப்பட்டுவிட்டது.

புதிய ஏற்பாட்டு நூல்கள் நல்ல செயலுக்கு உள்ளே புகுந்து அதன் வேரைத் தோண்டிப் பார்க்கும் இடங்கள் பல. இரண்டை மட்டும் சொல்கின்றோம்.

பெத்தானியா என்னும் ஊரில் நடந்த விருந்தில் மரியாள் என்னும் பெண்மணி விலையுயர்ந்த நளதத் தைலத்தைப் பெருமானின் பாதங்களில் வார்த்தார். அதன் மதிப்பு 300 வெள்ளிக் காசு. ஒரு வெள்ளிக் காசு அந்நாளில் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஏறத்தாழ ஓராண்டு உழைப்பின் விலை ஒரு நாழிகையில் தரையில் வழிந்தது. அதுகண்டு சீடருள் ஒருவர், இதனை விற்று ஏழைகட்குக் கொடுத்திருக்கலாகாதா என்று கேட்டார். நாம் அங்கு இருந்திருந்தால் நாமும் தலையசைத்திருப்போம். சொல்லில் குறையே இல்லை. ஆனால் அதைச் சொன்னவன் யூதாஸ். ஏழைகள்பால் இரக்கம் கொண்டு அவன் அதைச் சொல்லவில்லை. பணப்பை அவனிடம் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். பன்னிருவருள் பொருளாளராக இருந்தவன் அவனே. சங்கங்களில் பொருளாளர் பொறுப்பேற்ற எம் போன்றோர் இப்பகுதியை அடிக்கடி படிப்பது நலம்.

மற்றொன்று, அனனியா, சப்பீராள் என்னும் கணவன் மனைவியரின் வரலாறு. ஆதிச் சபையார் தம் உடைமைகளை விற்றுப் பொதுவில் வைத்த நாளில், இவர்களும் ஒரு நிலத்தை விற்றனர். விலையில் ஒரு பகுதியைத் தமக்கென்று வைத்துக்கொண்டு, மிகுதியை முழுத்தொகை போலக் கொண்டுவந்து வைத்தனர். நிலம் உம்முடையதாகவே இருந்தது, விற்ற பணமும் உம் வசமே இருந்தது என்ற கருத்துப்பட பேதுரு கேட்டார். ஒரு பகுதியைக் கொடுத்தது அவர்கள் குற்றமன்று. பகுதியைக் கொடுத்து முழுமைக்கு உரிய பெயரை வாங்க முயன்றதே குற்றம். அவ்வரலாற்றின் முடிவு கடுமையானது. படிக்கும்போதெல்லாம் எமக்கு நடுக்கம் தருவது.

இவை பழங்கதைகள், நம் காலனியில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சற்றே வீட்டுக்குள் நோக்குவோம். அண்டை வீட்டுப் பிள்ளையின் தேர்வு மதிப்பெண்ணை நாம் வினவுகின்றோம். அன்பினாலா? நம் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவலாலா? காய்கறி விற்கும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்குக் கால் நாழிகை வழக்காடுகின்றோம்; அன்று மாலையே மன்ற நிதிக்கு 2,000 ரூபாய் எழுதுகின்றோம். முன்னதைக் கண்டவர் இலர். பின்னதைக் கண்டவர் பலர். நோயுற்ற நண்பரைக் காண மருத்துவமனைக்குச் செல்கின்றோம். நாம் வந்ததை அவர் வீட்டார் பார்த்தனரா என்பதிலும் ஒரு கண் வைத்திருக்கின்றோம். பிறர் குறையை ‘அவர் நன்மைக்காகவே’ என்ற முன்னுரையோடு மூன்று வீடுகளில் சொல்லுகின்றோம். இவற்றுள் எதுவும் நீதிமன்றத்திற்குச் செல்லும் குற்றமன்று. எனினும் இவற்றாலேயே நம் நாட்கள் நிரம்புகின்றன.

மனிதன் தன் உள்நோக்கத்தைத் தானே அறிவது எத்துணை அரிது என்பதற்கு அகுஸ்தீன் என்னும் பெரியார் சான்று. அவர் 354ஆம் ஆண்டில், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டில் பிறந்தவர். தம் வாழ்க்கையை இறைவனிடமே எடுத்துரைப்பதாக அவர் எழுதிய நூலில், பதினாறாம் வயதில் செய்த ஒரு சிறு களவை நெடும்பொழுது ஆராய்கிறார். தோழர்களோடு இரவில் சென்று, ஒருவர் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களைச் சுமந்து வந்தார். பசி இல்லை, இவற்றினும் நல்ல காய் அவர் வீட்டிலேயே இருந்தது. பெரும்பாலானவற்றைப் பன்றிகட்கு எறிந்துவிட்டனர். பின் ஏன் திருடினோம் என்று, நாற்பது வயது கடந்து ஆயராக அமர்ந்த பின்னரும் அவர் தம்மையே கேட்கிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்பது அவர் கண்ட விடைகளுள் ஒன்று. கூட்டத்தில் நாணாமல் இருப்பதே பெருமையாகிவிட்டது. ஒரு கூடைப் பேரிக்காய்க்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் பெரும் குற்றங்களின் விதையைச் சிறு குற்றத்தில்தான் பிரித்துப் பார்க்க முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிறர் கணக்கைப் பேசுவது எளிது. இனி எம் கணக்கில் ஒரு பக்கத்தைத் திறக்கவேண்டும்.

1986ஆம் ஆண்டு மார்கழி மாதம். இந்த ஜாம்ஷெட்பூர் அந்நாளில் பீகார் மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. இங்கு மார்கழிக் குளிர் எத்தன்மையது என்பதை நீங்கள் அறிவீர்கள். சங்கத்தின் பொங்கல் விழாவிற்கு நாம் நன்கொடைப் பொறுப்பேற்றிருந்தோம். ஒருநாள் இரவு ஏழரை மணியளவில், நன்கொடையாளர் பட்டியலை மேசையில் பரப்பி, யார் பெயர் முன், யார் பெயர் பின் என்று ஒழுங்கு செய்துகொண்டிருந்தோம். கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு தகரப் பெட்டியுடன் இருபது வயது இளைஞர் ஒருவர் நின்றார். எம் பெரியப்பா மகன் எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. “அண்ணாச்சி, ஊரிலே உங்க பேரைச் சொல்லி அனுப்பினாங்க. ஏதாச்சும் வேலை கிடைக்கிற மட்டும்...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

கடிதத்தைப் படித்தோம். விழா வேலை மும்முரமாக இருப்பதாகவும், பிஸ்டுபூரில் ஏதேனும் விடுதியில் இரண்டு நாள் தங்கி ஞாயிறன்று வந்தால் ஆவன செய்யலாம் என்றும் கூறினோம். வழியும் சொல்லிக் கொடுத்தோம். அவர் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். “சரி, அண்ணாச்சி” என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுக்களையிலிருந்து யார் வந்தது என்று எம் மனைவியார் கேட்டார். ஊர்க்காரப் பையன் என்று மறுமொழி கூறிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினோம்.

ஞாயிறன்று அவர் வரவில்லை. நாமும் நினைக்கவில்லை. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. நன்கொடையாளர் பட்டியல் மேடையில் படிக்கப்பட்டபோது எம் பெயர் மூன்றாவதாக வந்தது; கைதட்டினர். அதன்பின் சில நாள் கழித்துச் சாக்சிச் சந்தையில் அறிந்தவர் ஒருவர் செய்தி சொன்னார். விடுதிக்குக் கொடுக்கப் பணம் இல்லாத அவ்விளைஞர் டாட்டாநகர் ரயில் நிலையத்தின் நடைமேடையிலே மூன்று இரவு படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. அவர் பேசும் மொழி அறியாத போர்ட்டர் ஒருவர், பீகார்க்காரர், தம் கம்பளியைப் போர்த்தி, வறுத்த கடலை மாவைக் கரைத்துக் கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உடல் தேறியதும் ஊருக்கு ரயிலேற்றியும் விட்டிருக்கிறார்.

அன்றிரவு கடிதம் எழுதினோம். இரண்டு வாரத்தில் அஞ்சலட்டையில் மறுமொழி வந்தது. அதில் ஒரு சுடுசொல்லும் இல்லை. உங்களுக்கு அன்றைக்கு வேலை அதிகமாக இருந்தது, அண்ணாச்சி, அதனால் வருந்தவேண்டாம் என்று எழுதியிருந்தார். வைதிருந்தால் தாங்கியிருப்போம்.

வேலை அதிகமாக இருந்தது உண்மைதானா? பல இரவு எம்மையே வினவினோம். பட்டியலை மறுநாள் எழுதியிருக்கலாம். உண்மைக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இவர் மாதக்கணக்கில் தங்கிவிடுவாரோ என்ற அச்சம் ஒன்று. கூடத்தில் புதிதாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே அந்தத் தகரப் பெட்டி எங்கே என்ற எண்ணம் ஒன்று. எல்லாவற்றிற்கும் அடியில் மற்றொன்று கிடந்தது. நன்கொடை மேடையில் படிக்கப்படும். வராந்தாவில் ஒருவர்க்குக் கட்டில் போட்டது எந்த மேடையிலும் படிக்கப்படாது. தமிழர்க்காகப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த கை, வாயிலில் நின்ற தமிழரை அனுப்பிவிட்டது. 1974இல் நாமே இந்நகரில் ஒரு பெட்டியோடு இறங்கியபோது, முன்பின் அறியாத தெலுங்குக் குடும்பத்தார் ஒருவர் நான்கு மாதம் எம்மைத் தம் திண்ணையில் வைத்துச் சோறிட்டனர் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கணக்கியலில் ஒரு நுட்பம் உண்டு. பற்றும் வரவும் ஒக்கின்றனவா என்று பார்க்க இருப்பாய்வு எடுப்போம். ஒரு தொகையை ஒரு பக்கத்தில் தவறாக எழுதியிருந்தால் இரு பக்கமும் ஒவ்வா, தவறு வெளிப்பட்டுவிடும். ஆனால் ஒரு நடவடிக்கையை முற்றிலும் எழுதாமலே விட்டுவிட்டால்? இரு பக்கமும் சரியாக ஒத்து நிற்கும். விடுபட்ட பதிவை இருப்பாய்வு காட்டிக் கொடுக்காது. பேரேடு அழகாக இருக்கும். பிழையும் உள்ளேயே இருக்கும். இதை இளைய கணக்கர்கட்குப் பல ஆண்டு சொல்லிக் கொடுத்தவர் நாம். எம் வாழ்க்கையில் பொருத்திப் பார்க்க அந்த அஞ்சலட்டை வரவேண்டியிருந்தது.

இறுதித் தீர்ப்பைப் பற்றிக் கிறிஸ்து பெருமான் சொன்ன உவமையை மத்தேயு எழுதியுள்ளார். அம்மத்தேயு அழைப்புப் பெறுமுன் ஆயத்துறையில் அமர்ந்து வரி வாங்கியவர் என்பதும் கருதத்தக்கது. ஆட்டிடையன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பது போல மனிதர் இரு பிரிவாக நிறுத்தப்படுகின்றனர். கேட்கப்படுபவை ஆறு: பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்கு நீர், அந்நியனுக்கு இடம், ஆடையற்றவனுக்கு ஆடை, நோயாளியைக் காணுதல், சிறையிலிருப்பவனிடம் செல்லுதல். எளியவருள் எளியவர்க்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அரசர் கூறுகிறார்.

இவ்வுவமையில் எம் கருத்தை ஈர்ப்பது ஒன்று. வலப்பக்கத்தாரும் வியக்கின்றனர், இடப்பக்கத்தாரும் வியக்கின்றனர். உம்மை எப்போது கண்டோம் என்பதே இருவர் கேள்வியும். நன்மை செய்தவர் தாம் செய்ததைக் குறித்து வைக்கவில்லை. செய்யாதவரோ கொலை களவு செய்ததாகக் குற்றம் சாட்டப்படவில்லை. அவர்கள் கண்ணில் படவேண்டியவர் படவே இல்லை. இரு பக்கத்தும் பேசப்படுவன எல்லாம் ஏட்டில் ஏறாத பதிவுகளே. அதே அதிகாரத்தில், ஒரு தாலந்தைப் பெற்றுத் தரையில் புதைத்து வைத்து அப்படியே திருப்பிக் கொடுத்த ஊழியனின் கதையும் உள்ளது. அவன் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. முதலுக்கு மோசமில்லை என்று நம்மவர் சொல்வர். ஆயினும் தலைவர் அவனை ஏற்கவில்லை. தீமை செய்யவில்லை என்பது போதிய விடை ஆகாது என்பதே இவற்றின் உட்கருத்து.

இவ்வாறு நோக்கத் தொடங்கினால் மனம் சோர்ந்துவிடாதா, எந்த நற்செயலிலும் ஏதோ ஒரு தன்னலம் கலந்திருக்கிறதே, அப்படியாயின் நன்கொடையே கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று சிலர் கேட்கலாம். கூடாது. எண்ணம் முற்றும் தூய்மையான பின்னரே உதவுவேன் என்பவனிடம் பசித்தவன் எத்தனை நாள் காத்திருப்பான்? கோதுமையும் களையும் ஒரே வயலில் வளர்ந்ததாகப் பெருமான் ஓர் உவமை கூறினார். களையைப் பறிக்க ஓடிய வேலையாட்களை, கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்று வயலுக்குரியவர் தடுத்தார். நம் நெஞ்சமும் அத்தகைய வயலே. களை இருப்பதை அறிந்துகொண்டே பயிருக்கு நீர் பாய்ச்சவேண்டும். இன்று இம்மேடையில் எம் குற்றத்தை எடுத்துரைப்பதிலும், ‘எவ்வளவு உண்மையாகப் பேசினார்’ என்று நீங்கள் பாராட்டவேண்டும் என்ற ஆசை ஒரு மூலையில் இருக்கக்கூடும். இருப்பின், அதையும் கணக்கில் எழுதிக்கொள்க.

அறிந்தபின் செய்யவேண்டுவது என்ன? எரிகோ நகரத்து ஆயக்காரர் தலைவன் சகேயு குள்ளமானவன். பெருமானைக் காண மரத்தின்மேல் ஏறியவன். மனம் மாறிய அந்நாளில் அவன் கண்ணீர் விட்டான் என்று நூல் கூறவில்லை. உடைமையில் பாதியை ஏழைகட்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகவும் சொன்னான். கணக்கறிந்தவன் கணக்காகவே மனந்திரும்பினான். வருத்தம் தொகையாக மாறாதவரை அது வெறும் உணர்ச்சியே.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்த கிறிஸ்தவர். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். பிறர் வழக்குகளைத் தீர்க்கும் இருக்கையில் அமர்ந்திருந்தும் கைக்கூலியைக் கடிந்து எழுதியவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அதுகண்டு அவரைப் பாடிப் போற்றியவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். முன்சீப் கிறிஸ்தவர், பாரதியார் சிவபக்தர். பசித்தவனின் கலயத்தில் கஞ்சி விழும்போது அதன் நற்சாட்சியை எச்சமயத்தாரும் எழுதலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இனித் தாய்மார்கட்கு ஒன்று. நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ இல்லங்களில் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்துக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. மிசோரம் மலைநாட்டுப் பெண்கள் 1910இல் இதைப் போன்ற பிடியரிசிக் காணிக்கையைத் தொடங்கினர். இன்றும் அது நின்றுவிடவில்லை. காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். இதன் சிறப்பு அளவில் இல்லை. நாள்தோறும் செய்வதால் மறதிக்கு இடமில்லை. ஒரு பிடிக்குக் கைதட்டுவார் இல்லை. கலயத்தில் விழுந்தபின் எது யார் வீட்டு அரிசி என்று பிரிக்கவும் முடியாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்க எம் தாயார் கண்ட வழி இதுதான்.

மீண்டும் அந்த இளைஞரைப் பற்றி ஒரு சொல். பதினோராண்டு கழித்து ஊர் சென்றபோது அவர் வீட்டிற்குச் சென்றோம். சிறு பலசரக்குக் கடை வைத்து நலமாக இருந்தார். அன்போடு வரவேற்று, கருப்பட்டிக் காப்பி தந்தார். எம் குற்றத்தைச் சொல்லத் தொடங்கியதும் பேச்சை மாற்றிவிட்டார். புறப்படும்போது கல்லாப் பெட்டியின்மேல் ஒரு பணவிடைத் தாள் எழுதிக் கிடந்தது. பெறுபவர் முகவரி டாட்டாநகர் ரயில் நிலையம். ஆண்டுதோறும் பொங்கலுக்கு அந்தப் போர்ட்டருக்கு அனுப்புவாராம். அவர் ஏட்டில் எந்தப் பெயர் ஏறியிருந்தது என்பதைக் கண்ணால் கண்டோம். அந்த இடம் எமக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்த இடம்.

அது முதல் எம் வீட்டு வராந்தாவில் ஒரு கட்டில் கிடக்கிறது. எத்தனை பேர் படுத்தனர் என்று எழுதி வைக்கவில்லை, எழுதவும் மாட்டோம்.

இன்று வரும் இளைஞர் தகரப் பெட்டியோடு வருவதில்லை. கைப்பேசியிலேயே அறை பதிவு செய்துகொண்டு வருகின்றனர். கடிதம் கொண்டு வருவார் யாரும் இல்லை. ஆகவே நம் கதவைத் தட்டுவார் இல்லை என்று நிம்மதி கொள்ளலாகாது. காய்ச்சல் இன்றும் வருகிறது. வேலை கிடைக்காத மூன்றாம் மாதம் இன்றும் வருகிறது. முன்பு அவர்கள் நம் வாயிலில் வந்து நின்றனர். இன்று நாம் அவர்கள் வாயிலுக்குச் செல்லவேண்டியுள்ளது. அவ்வளவே வேறுபாடு.

எனவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நன்கொடையாளர் பட்டியலை நிறுத்தவேண்டா. அதனால் மன்றம் நடக்கிறது. அதனோடு பெயர் எழுதாத ஒரு கலயத்தையும் வாயிலருகே வைப்போம். நகருக்குப் புதிதாக வந்தவர்க்கும் நோயுற்றவர்க்கும் மட்டும் அது செலவாகட்டும். ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டில் ஒரு புதியவரையேனும் ஒருவேளைச் சோற்றுக்கு அழைக்கட்டும். இரவில் விளக்கணைக்குமுன், இன்று எவரைக் காணாமல் கடந்தோம் என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். அன்றன்று எழுதும் நாட்குறிப்பே ஆண்டிறுதிக் கணக்கை எளிதாக்கும் என்பது எம் தொழில் தந்த பாடம். இறுதிக் கணக்கிற்கும் அதுவே பொருந்தும் என்பது எம் சமயம் தந்த பாடம்.

 வாயில் திறந்த இல்லங்களோடு நம் சங்கம் நீடு வாழ்க.